ஏழு மாட்டுக்கு நாற்பத்தோரு ஊசி

டெலியா கோரிகனிடம் இருந்தவை ஏழு மாடுகள். 1980-ஆம் ஆண்டு பிப்ரவரிக்கும் ஜூலைக்கும் இடையில் அவருடைய தொழுவத்தில் நான் போட்ட சினை ஊசிகள் நாற்பத்தொன்று. மாடு வளர்த்த யாரிடம் இதைச் சொன்னாலும் சிரிப்பார்கள், இல்லையென்றால் எனக்கு வேலை தெரியாது என்பார்கள். எனக்கு வேலை நன்றாகவே தெரியும். வட அயர்லாந்தில் ஃபெர்மனா மாவட்டத்தின் தெற்குப் பக்கத்தில் முப்பத்தெட்டு வருடம் அதைத்தான் செய்தேன். காரின் பின்னால் காளை விந்து வைத்த குளிர்க்குடுவை, தோள்வரை நீளும் கையுறை, ரப்பர் பூட்ஸ். 'தொப்பி போட்ட காளை' என்று பெரியவர்கள் கேலி செய்வார்கள். பிள்ளைகள் என் காரைக் கண்டால் "மாப்பிள்ளை வந்தாச்சு!" என்று கத்திக்கொண்டே தொழுவத்துக்கு ஓடும்.

எங்கள் வரலாற்றுச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு இந்த மண்ணின் பெருமைக்குரிய ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். ஒருவர் பிஷப்பைப் பற்றி எழுதுகிறார். இன்னொருவர் பர்மாவில் பதக்கம் வாங்கிய கர்னலைப் பற்றி எழுதுகிறார். தாராளமாக எழுதட்டும். பிஷப்பும் கர்னலும் தங்களைப் பற்றித் தாங்களே நிறைய எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். டெலியா எழுதியது மளிகைச் சீட்டு மட்டும்தான்.

நான் சொல்லும் வருடத்தில் அவருக்கு அறுபத்து மூன்று வயது. கணவர் பிரான்சி நெஞ்சு நோயில் போய் இருபது வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் கவென்ட்ரியில் நர்ஸ். ஆள் குள்ளம், நடை வேகம். வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்பார்களே, அந்த ரகம். ஆனால் அந்த வாய் இருந்ததால் நாய்தான் பயந்து ஒதுங்கியது. நான் மாட்டைத் தொடுவதற்கு முன்னால் ஒரு பாட்டிலில் இருந்து மாட்டின் முதுகில் தீர்த்தம் தெளிப்பார். பிறகு என் கைமேல் தெளிப்பார். "மாடு பாவம் செய்யாது. உன்ன சொல்ல முடியாது" என்பார். வேலை முடிந்ததும் வெந்நீர், புதுச் சோப்பு, சோடா ரொட்டி, டீ. வேண்டாம் என்று சொன்னவன் அந்தச் சமையலறையில் இருந்து எழுந்து வந்ததாகச் சரித்திரம் இல்லை.

எல்லை வேலிக்கு அந்தப் பக்கம் வெஸ்லி பீட்டியின் பண்ணை. மெதடிஸ்ட் சபை, பிரிட்டனோடு இருக்க விரும்பும் புராட்டஸ்டன்ட்டுகளின் ஆரஞ்சு சங்கம், இருபத்து நான்கு கறவை, மனைவி ஐவி, மூன்று பிள்ளைகள். வேலியில் ஒரு இடைவெளி உண்டு. ஒரு பழைய இரும்புக் கட்டிலின் தலைப்பக்கத்தை நிறுத்தி அதை அடைத்திருந்தார்கள். அந்த இரண்டு வீட்டுக்கும் இடையில் நடந்த கொடுக்கல் வாங்கல் எல்லாம் அந்தக் கட்டிலைத் தாண்டித்தான்.

வெஸ்லி ஞாயிற்றுக்கிழமை வைக்கோலைத் தொடமாட்டார். ஓய்வுநாள். ஆனால் எங்கள் ஊர் மழைக்கு ஓய்வுநாள் தெரியாது. அறுத்துப் போட்ட புல் கிடக்க, மேற்கே கருத்துக்கொண்டு வந்தால், டெலியா காலைப் பூசை முடிந்த கையோடு கட்டிலை நகர்த்திவிட்டுப் போய் அவருடைய புல்லைப் புரட்டிக் குவிப்பார். அவ்வளவு நேரமும் வெஸ்லி வீட்டில் திரைச்சீலை மூடியிருக்கும். பார்க்காத பாவம் பாவம் இல்லையே. மறுநாள் டெலியா வேலியில் நின்றுகொண்டு சொல்வார்: "எனக்குச் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் இருக்கு வெஸ்லி, சனிக்கிழமை போய்க் கொட்டிட்டு வந்துருவேன். நீதான் பாவம், எல்லாத்தையும் உள்ளயே வெச்சுக்கிட்டுத் திரியணும்."

ஜூலையில் சங்க விழாவுக்கு வெஸ்லி வீட்டுக் கூரையில் கொடி ஏறும். "என்ன வெஸ்லி, துணி இன்னும் காயலயா?" என்று டெலியா கேட்பார். மாதா திருநாளான ஆகஸ்ட் பதினைந்துக்கு இவர் ஜன்னலில் மாதா சுரூபம் வைத்து விளக்கேற்றினால், "மின்சாரக் கட்டணம் பாப்பரசர் கட்டுறாரா?" என்று அவர் கேட்பார். இதெல்லாம் பேசலாம். பேசக்கூடாத ஒன்று இருந்தது. வாரத்தில் மூன்று நாள் மாலையில் வெஸ்லி பிரிட்டிஷ் பகுதி நேர ராணுவ உடுப்பை மாட்டிக்கொண்டு சாலையில் கார்களை நிறுத்திச் சோதிக்கப் போவார். என்னையும் நிறுத்துவார்.

"பேரு?"

"யூஜின் ட்ரம்."

"எங்க இருந்து வர்றீங்க?"

"உங்க வீட்டுத் தொழுவத்துல இருந்துதான், வெஸ்லி."

"சரி, போகலாம்" என்பார், முகத்தில் ஒரு கோடு மாறாமல். வீட்டில் 'நீ', சாலையில் 'நீங்க'. எங்கள் கத்தோலிக்கப் பக்கத்து ஆட்களுக்கு அந்த உடுப்பைக் கண்டால் ஆகாது. அதற்குக் காரணங்கள் இருந்தன, இல்லையென்று நான் சொல்லமாட்டேன். அந்த உடுப்புக்காகவே டிராக்டரில் உட்கார்ந்தபடியே சுடப்பட்ட விவசாயிகளும் இருந்தார்கள்.

பிப்ரவரியில் ஒரு காலை, பாலத்துக்குப் பக்கத்தில் இரண்டு பேர் என் காரை மறித்தார்கள். ஒருவனைத் தெரியாது. மற்றவன் ஃபீலிம் ஓவன்ஸ், பிரிட்டனை விரட்டத் துப்பாக்கி எடுத்தவர்களின் ஆள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கணக்கைப் பார்த்து எழுதியவன்.

"யூஜின், உனக்கு ரெண்டு பிள்ளைங்கதானே?" என்றான். நலம் விசாரிப்பது போலத்தான் கேட்டான். "பீட்டி வீட்டுச் சந்துல இனிமே உன் காரைப் பாக்கக் கூடாது. உடுப்புப் போட்டவனுக்குச் சேவகம் பண்றவனும் உடுப்புப் போட்டவன்தான்."

நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் என் வீரம்.

அதன் பிறகு பீட்டி வீட்டில் இருந்து அழைப்பு வந்தால் கார் பழுது என்றேன், குடுவை காலி என்றேன், காய்ச்சல் என்றேன். எனக்குப் பதிலாகப் போக வேண்டிய ஆளுக்கும் அதே வாரம் காய்ச்சல் வந்தது. அவனிடமும் யாரோ பேசியிருக்க வேண்டும். மாடு பருவத்துக்கு வந்தால் ஒரு நாளுக்குள் ஊசி போட வேண்டும். தவறினால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். வசந்தம் முழுக்கத் தவறினால் அடுத்த வருடம் கன்று இல்லை, பால் இல்லை, பண்ணையும் இல்லை. காளை வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். வெஸ்லியின் அப்பாவை அந்த முற்றத்தில்தான் காளை முட்டிக் கொன்றது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் காளை கட்டியதில்லை, கட்டவும் மாட்டார்கள். ஃபீலிமுக்கும் அது தெரியும். ஒரு தோட்டா செலவில்லாமல் பீட்டி குடும்பத்தை மண்ணை விட்டுக் கிளப்புவதுதான் திட்டம்.

மூன்றாவது வாரம் டெலியாவிடம் இருந்து அழைப்பு வந்தது. மாடு கத்துகிறதாம். போனேன். அவருடைய மாடுகள் ஏழும் சிவப்பு, குட்டை. அந்தத் தொழுவமே அவற்றின் அளவுக்குக் கட்டியது. அதில் கருப்பு வெள்ளையாக ஒரு பெரிய ஃப்ரீசியன் மாடு நின்றது. பின்பகுதி முழுவதும் நடைபாதையில் நீட்டிக்கொண்டிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். அந்த மாட்டை எனக்குத் தெரியும். அதன் தாய்க்கு ஊசி போட்டதே நான்.

"இது எப்ப வாங்குனீங்க, மிஸஸ் கோரிகன்?"

"வாங்குனேன்னு யாரு சொன்னா?"

"இது..."

"இது மாடு. நீ காளை. பேசாம வேலையப் பாரு."

தீர்த்தப் பாட்டிலை எடுத்து அந்த மெதடிஸ்ட் மாட்டின் முதுகில் தாராளமாகத் தெளித்தார். ரசீதில் மாட்டின் பெயர் எழுத வேண்டும். "பெர்னதெத்னு போடு" என்றார். அடுத்த வாரம் வந்த மாட்டுக்குப் பெயர் தெரசா. அதற்கடுத்தது செசிலியா. ஏப்ரல் முடிவதற்குள் வெஸ்லி பீட்டியின் மாடுகளில் பாதி, திருச்சபையின் புனிதையர் ஆகிவிட்டன.

எப்படி நடந்தது என்பதை ஐவி பின்னால் என்னிடம் சொன்னார். டெலியாவிடம் யாரும் உதவி கேட்கவில்லை. வேலிக்கு அப்பால் ஒரு மாடு ஒரு நாள் முழுக்கக் கத்துவதும், என் கார் வராததும் அவர் காதுக்கும் கண்ணுக்கும் போதுமானதாக இருந்தது. மறுமுறை கத்தல் கேட்டதும் கட்டிலை நகர்த்திவிட்டு நேரே போய் மாட்டின் கயிற்றைப் பிடித்திருக்கிறார். "ஒரு நாளைக்கு இரவல் குடு வெஸ்லி. என் மாடுங்களுக்குத் துணை இல்லாம போரடிக்குதாம்." வெஸ்லி வாயைத் திறக்குமுன் மாடு பாதித் தூரம் போய்விட்டது.

என்னிடமும் அவர் எதுவும் கேட்கவில்லை. ஏன் அங்கே போகவில்லை, யார் மிரட்டினார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. கேட்டிருந்தால் நான் பொய் சொல்லியிருப்பேன். அது அவருக்குத் தெரியும்.

ஒரு சின்னத் தவறு மட்டும் செய்தோம். எல்லா ஊசிக் கணக்கும் டெலியா பெயரில் அலுவலகத்துக்குப் போனது. மே மாதம் அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் மந்தையில் சினை பிடிக்காத கோளாறு கடுமையாக இருப்பதாகத் தெரிகிறது, கவலைக்குரியது, மருத்துவரை அனுப்பத் தயார் என்று. டெலியா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை எனக்கு வாசித்துக் காட்டினார். "என் மாடெல்லாம் மலடுன்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்துருச்சு. இங்க என் ஏழும் எட்டு மாசம் வயித்தத் தூக்கிட்டு நடக்குதுங்க, பாவம், அதுங்க காதுல விழுந்தா என்ன நினைக்கும்!" இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது. அலுவலகத்தில் யாரோ சந்தையில் சொல்லி, சந்தை முழுக்க அந்தக் கதை ஓடியது. டெலியா கோரிகனின் மாடுகள் காளையை ஏமாற்றுகின்றன என்று ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஃபீலிம் சிரிக்கவில்லை. எண்ணிப் பார்த்திருக்கிறான்.

ஜூன் மாதம், காலை பதினொரு மணி. நான் டெலியாவின் தொழுவத்தில் பீட்டி மாட்டுக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டு நின்றேன். முற்றத்தில் கார் நிற்கும் சத்தம். ஃபீலிமின் குரல்.

"உள்ள யாரு, மிஸஸ் கோரிகன்?"

"ஒரு மாடும் ஒரு ஆம்பளையும். ரெண்டுல ஒண்ணு பருவத்துல இருக்கு. எதுன்னு நீயே போய்ப் பாத்துக்கோ."

"விளையாடாதீங்க. ஏழு மாட்டுக்கு முப்பது தடவ கார் வந்திருக்கு."

"அடப்பாவி! என் மாடு எப்ப கத்துது, எப்ப படுக்குதுன்னு கணக்கெடுக்கத்தான் அயர்லாந்துக்கு விடுதலை வாங்குறீங்களா? வாங்குங்க, நல்லா வாங்குங்க!"

அவன் உள்ளே வந்தான். விவசாயி மகன், அவனுக்குக் கண் இருக்கிறது. மாட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அந்த நிலையில் எந்த மனிதனாலும் வீரமாக நிற்க முடியாது. நான் எந்த நிலையிலும் நின்றிருக்கமாட்டேன் என்பது வேறு விஷயம்.

"இது யார் மாடு?"

பின்னாலேயே டெலியா வந்துவிட்டார், கையில் தீர்த்தப் பாட்டிலோடு. மழுப்புவார் என்று நினைத்தேன்.

"பீட்டி மாடு" என்றார். "நல்லா பாத்துக்கோ. நீ பொறந்தது நாப்பத்தேழாம் வருஷத்துப் பெரும்பனியில. உங்கம்மாவுக்குப் பால் வத்திருச்சு. ரோடு இல்ல, பால்வண்டி இல்ல, ஆறு வாரம். வெஸ்லியோட அப்பா தினமும் அந்தக் கட்டில்ல ஒரு தூக்குப் பால் தொங்கவிட்டாரு. இடுப்பளவு பனியில நான்தான் தூக்கிட்டு வந்து உங்கம்மா கையில குடுத்தேன். இந்த மாட்டோட கொள்ளுப்பாட்டி பால்டா அது. உன் எலும்புல பாதி ஆரஞ்சு எலும்பு. பீட்டிய ஊரவிட்டு அனுப்பணும்னா, மொதல்ல அந்தப் பாதியக் கழட்டி இங்க வெச்சுட்டுப் பேசு."

சொல்லிவிட்டு மாட்டின் மேல் தெளித்தார், என் மேல் தெளித்தார், அதே வேகத்தில் அவன் முகத்திலும் தெளித்தார். தீர்த்தம் பட்டதும் ஃபீலிமின் கை தானாக நெற்றிக்குப் போனது. சிலுவை போட்டுக்கொண்டான். முப்பத்து மூன்று வருடப் பழக்கம், அவன் என்ன செய்வான்? நானும் போட்டிருப்பேன். என் வலது கை இருந்த இடம் அதற்கு வசதிப்படவில்லை.

அவன் முகம் காதுவரை சிவந்துவிட்டது. "நான் எதையும் பாக்கல" என்றான். வாசலில் நின்று, குரலைத் தாழ்த்தி, "ஆனா அடுத்து வர்றது நானா இருக்காது, மிஸஸ் கோரிகன்" என்றான்.

கார் போன பிறகு டெலியா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். பாட்டிலை மூட மூன்று முறை முயன்றார், மூடி திருகில் உட்காரவில்லை. அதுவரை அவருக்குப் பயம் என்பதே கிடையாது என்று நினைத்திருந்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. பயமில்லாதவர் செய்கிறார், பயந்தவன் ஒதுங்கியிருக்கிறான், கணக்கு சரியாகிவிடுகிறது. அந்த மூடி உட்காராததைப் பார்த்ததும் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இனிமே நீங்க ஓட்டிட்டு வரவேணாம். நான் அங்கேயே போறேன்" என்றேன்.

"போய்?"

"போய் வேலையப் பாக்குறேன்."

"உனக்கு ரெண்டு பிள்ளைங்க, யூஜின். எனக்கு ஏழு மாடு." எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டார். "இன்னும் ஒன்பது பாக்கி இருக்கு. கையக் கழுவிட்டு வா, டீ ஆறுது."

நான் ஒத்துக்கொண்டேன். உடனே ஒத்துக்கொண்டேன், இன்னொரு முறைகூடச் சொல்லிப் பார்க்கவில்லை. இன்றைக்கும் அதுதான் உறுத்துகிறது.

ஜூலை பத்தாம் தேதிக்குள் அந்த ஒன்பதும் முடிந்தது. ஒவ்வொரு முறையும் அவர் பட்டப்பகலில், சாலையில் போகிறவர் பார்க்க, அந்த மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலி ஓரமாக நடந்தார். வேறு யாரும் வரவில்லை. ஃபீலிம் யாரிடம் என்ன சொன்னான் என்பது எனக்குத் தெரியாது. அந்த இலையுதிர் காலத்தில் நாட்டின் எல்லையைத் தாண்டித் தெற்கே போனவன், பிறகு பாஸ்டன் போய்விட்டான் என்றார்கள்.

மறு வருடம் ஏப்ரல் கடைசியில் வெஸ்லியின் தொழுவத்தில் இருபத்து மூன்று கன்றுகள். வெஸ்லியே எனக்குப் போன் செய்தார். வா என்றார். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தச் சந்தில் என் காரை ஓட்டிக்கொண்டு போனேன். என் முகத்தைப் பார்த்து என்ன சொல்வாரோ என்று மெதுவாகத்தான் இறங்கினேன். அவர் முற்றத்தின் நடுவுக்கு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"டெலியா சொன்னா. மாட்ட அவ பக்கம் ஓட்டிட்டு வரச்சொல்லி யோசனை குடுத்ததே நீதானாமே. நீ இல்லன்னா நாங்க இங்க இருந்திருக்க மாட்டோம், யூஜின்."

ஐவி நல்ல கோப்பைகளை எடுத்து வைத்தார். நான் உட்கார்ந்து குடித்தேன். மறுக்கவில்லை.

அன்றைக்கே டெலியாவிடம் போய் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று சண்டை போட்டேன். அவர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். "நீயும் அவனும் இன்னும் முப்பது வருஷம் இந்த ஊர்ல ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்கணும். உன்ன கோழைன்னு நெனச்சுக்கிட்டே அவன் எப்படி உனக்குத் தொழுவத்தத் திறந்து விடுவான்? அவன் நெனைக்கிறத நெனைக்கட்டும். நீ மெதுவா அதுக்கேத்த மாதிரி ஆகிக்கோ" என்றார். அதற்கேற்ற மாதிரி ஆக முயன்றேன். எவ்வளவு முடிந்தது என்று மற்றவர்கள்தான் சொல்ல வேண்டும். அடுத்த பதினைந்து வருடத்தில் அந்தச் சந்துக்கு வரமாட்டேன் என்று நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை, சொல்லச் சொல்லி ஆள் வந்தபோதும்.

டெலியா 1996-இல் போனார். இவ்வளவு பெரிய மனுஷியை நான் வேறு பார்த்ததில்லை. அச்சுக்குக் கொடுக்குமுன் இதை வெஸ்லியிடம் வாசித்துக் காட்டாமல் இருப்பது முறையல்ல என்று பட்டது. அவருக்கு இப்போது எண்பத்து மூன்று. போன வியாழக்கிழமை மதியம் காகிதங்களை எடுத்துக்கொண்டு போனேன். காது மந்தமாகிவிட்டது. என் கோழைத்தனத்தை வரிக்கு வரி கத்தி வாசிக்க வேண்டியிருந்தது. ஐவி அடுப்படியில் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முடித்தேன்.

"அவ சொன்ன அன்னைக்கே தெரியும், யூஜின்" என்றார் வெஸ்லி. "அந்த மாதிரி யோசனைக்கு உன்கிட்ட மூளை எங்க இருக்கு?"

"அப்புறம் எதுக்கு அன்னைக்கு என் கையப் புடிச்சுக் குலுக்குனீங்க?"

"டெலியா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டு இருந்தா" என்றார்.